விளம்பரம் இல்லாத ஆட்டம்

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பாவாடைக்குக் கொசுவம் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். எட்வான் வந்து தன் போனை என் தையல் மெஷின் பலகையில் வைத்தான். "இத நீயே வச்சுக்க, ஜோசி" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் போனை நான் சும்மா தொட்டாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள். ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, "ஏன், ரிப்பேரா?" என்றேன்.

"போன் நல்லாத்தான் இருக்கு. நான்தான் ரிப்பேர்."

ஜூன் நெருங்கினால் எங்கள் கருவாரு ஊரில் தையல்காரிகளுக்கு நிற்க நேரம் இருக்காது. புனித யோவான் திருவிழாவுக்கு ஊரே ஆடும். ஆடுகிறவர்களுக்கெல்லாம் புதுப் பாவாடை, புதுச் சட்டை. வீட்டில் கட்டில், சோபா, ஜன்னல் விளிம்பு எங்கு பார்த்தாலும் பூப்போட்ட சீட்டித் துணி கிடந்தது. அதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு அவன் என் எதிரில் உட்கார்ந்தான். இந்த வீட்டில் இப்போது சோறு போடுவது அந்த மெஷின்தான். எட்வானிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது, அதில் ஆட்களை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். அது சேவலுக்குள் போய்விட்டது. ஒருநாள் ஹெல்மெட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். இப்போது ஒரு கடையில் தண்ணீர் கேன் சுமக்கிறான்.

சேவல் என்றால் ஒரு சூதாட்டப் பந்தயக் கம்பெனியின் விளம்பரத்தில் வரும் மஞ்சள் சேவல். போனைத் திறந்தால் வரும், வீடியோவுக்கு முன்னால் வரும், நடுவில் வரும். கொண்டையை ஆட்டிக் கூவும். உடனே ஒரு முட்டை விழுந்து உடைந்து காசாகக் கொட்டும். சேவல் எங்கேயாவது முட்டையிடுமா என்று இந்த நாட்டில் ஒரு ஜீவனும் கேட்டதில்லை.

மாதா கோவிலின் பின்கட்டில் புதன்கிழமைதோறும் சூதாட்டத்தை விட நினைக்கிறவர்கள் கூடுகிறார்கள். எட்வானும் தானாகத்தான் போனான், நான் இழுத்துக்கொண்டு போகவில்லை. இனிமேல் தொடுவதில்லை என்று புனித யோவானுக்கு நேர்ந்தும் கொண்டான். எல்லாவற்றையும் விடுகிறேன், கால்பந்தை மட்டும் விடச் சொல்லாதே என்று என்னிடம் கெஞ்சினான்.

"ஆட்டத்தப் பாத்துட்டுப் போறேன். விளம்பரத்த மட்டும் எப்படியாவது நிறுத்திடு. கண்ணுல படலேன்னா கை போவாது."

"நிறுத்தலேன்னா?"

அவன் சீட்டித் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தான். "நேத்து நீ கடைக்குப் போயிருந்தப்ப உன் மெஷினப் பாத்துட்டு நின்னேன். எவ்வளவுக்குப் போகும்னு மனசு தானா கணக்குப் போட்டுச்சு. அதான் சொல்லிட்டேன்."

எனக்குப் பயம் பிடித்தது. அதே சமயம், இதை மறைக்காமல் சொன்னானே என்று அவன் மேல் ஒரு பிரியமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், "போய்க் காப்பி போடு" என்று கத்தினேன்.

அவன் போனை எடுத்துக்கொண்டு முதலில் கொமாத்ரியிடம் போனேன். கிலியோனிஸ் என் மகள் ராயானிக்கு ஞானத்தாய். பிள்ளையின் ஞானத்தாயை நாங்கள் கொமாத்ரி என்போம், கூடப் பிறந்தவளைவிட அதிக உரிமை அவளுக்கு. சந்தையில் போன் உறை விற்கிறாள். உறை விற்பதாலேயே உறைக்குள் இருப்பதும் தனக்குத் தெரியும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

"இது ஒரு விஷயமாடி? கேடயம் படம் போட்ட ஆப் ஒண்ணு இருக்கு, அத்தனை பேரும் நட்சத்திரம் குத்தியிருக்கான், காசு வேற கிடையாது. இந்தா, ஏத்திட்டேன். இனி ஒரு ஈ, கொசு உள்ள வராது!"

"நெசமா?"

"நான் என்னைக்குடி உங்கிட்டப் பொய் சொன்னேன்? அந்தப் பச்சைத் துணி உன் நிறத்துக்கு எடுக்கும்னு சொன்னது வேற விஷயம்."

ஈ, கொசு வரவில்லைதான். மறுநாள் காலையில் சோளமாவில் அவித்த குஸ்குஸும் முட்டையும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, அந்தக் கேடயமே தன்னைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டது. அமுக்கினேன். கேடயம் இரண்டாகத் திறந்து, உள்ளேயிருந்து சேவல் எட்டிப் பார்த்துக் கூவியது. எட்வான் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டான். நான் கொமாத்ரிக்குப் போன் போட்டு, அவள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன்.

அப்புறம் ராயானி கையில் எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் யார் யாரையோ விசாரித்து, படித்து, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு, துணி வெட்டும் அளவுகள் வைத்திருந்த என் பழைய கம்ப்யூட்டரில் ஒரு விளம்பரத் தடுப்பானைப் போட்டாள். கேடயம் மாதிரி பகட்டெல்லாம் இல்லை, மூலையில் சின்னப் புள்ளியாக உட்கார்ந்திருந்தது. அப்பா, என்ன ஒரு நிம்மதி! செய்திப் பக்கத்தைத் திறந்தால் செய்தி மட்டும் இருந்தது. பழைய ஆட்டங்களின் வீடியோவை எட்வான் ஒரு கூவல் இல்லாமல் முழுசாகப் பார்த்தான். அந்த நாட்களில் கடையில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கேன் தூக்கினான் என்று அவன் முதலாளியின் மனைவி என்னிடம் சொன்னாள். நான் இரண்டு பாவாடைகளில் அளவைத் தப்பாக வெட்டினேன், அவ்வளவு சந்தோஷம்.

வீடியோத் தளம் கண்டுபிடித்துவிட்டது. தடுப்பானை எடு, இல்லையென்றால் காசு கட்டு என்று திரையை அடைத்துக்கொண்டு நின்றது. ராயானி எதையோ புதுப்பித்தாள், ஓடியது. திரும்பவும் நின்றது. அவள் ஒன்று செய்ய, அவர்கள் ஒன்று செய்ய, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் போனதுதான் மிச்சம். நேரடி ஆட்டம் வருகிற டிவியிலோ இதையெல்லாம் போடவே இடமில்லை. வீட்டு நெட் பெட்டியிலேயே எதையோ மாற்றிப் பார்த்தாள். மற்ற குப்பைகள் குறைந்தன. ஆட்டத்தில் வருகிற சேவல் அப்படியே வந்தது.

"ஏன்டி இதை மட்டும் தடுக்க முடியல?"

"தண்ணியும் சேறும் ஒரே குழாயில வருதும்மா. சேத்த அடைச்சா தண்ணியும் நின்னுடும்."

சரி, காசையே கட்டித் தொலைப்போம் என்று கூடுதலாக ஒரு நடனக் குழுவின் துணிகளை வாங்கித் தைத்தேன். அந்தக் காசில் விளம்பரமில்லாத சந்தா கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆரம்பித்தது. முன்னால் ஒன்றும் வரவில்லை. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். பந்து ஓரத்துக்கு ஓடியது. மைதானத்தைச் சுற்றியிருந்த பலகைகளில் சேவல் அதன் கூடவே ஓடியது. வர்ணனையாளன் கார்னருக்கு முன்னால் குரலை இழுத்து, யார் முதலில் கோல் போட்டால் எத்தனை மடங்கு என்று வாசிக்க ஆரம்பித்தான். எட்வானின் முழங்கால் ஆடத் தொடங்கியது. நான் பாய்ந்து சத்தத்தை அணைத்தேன்.

"ரேடியோல கேக்கச் சொல்லுடி. ரேடியோல ஏது படம்?" என்றாள் கொமாத்ரி.

அதையும் பார்த்தோம். பேட்டரி ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு எட்வான் வாசற்படியில் உட்கார்ந்தான். கோல் விழுந்தது. மூச்சு விடாமல் கோலைக் கத்திய அறிவிப்பாளன், அதே மூச்சில் சேவல் மாதிரி கூவினான். எட்வான் ரேடியோவை அணைத்து மடியில் வைக்கக் குனிந்தான். பிறகு உள்ளே வந்து என் முன்னால் நின்றான்.

"ஜோசி, என் நெஞ்சப் பாரு."

பார்த்தேன். ஞாயிறுதோறும் போடுகிற எங்கள் அணியின் சட்டை. ராயானி அவன் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. நானே எத்தனையோ தடவை துவைத்து, திருப்பிப் போட்டு இஸ்திரி செய்திருக்கிறேன். நெஞ்சு அகலத்துக்குச் சேவல் கம்பெனியின் பெயர் இருந்தது. மாதாவே, எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் பட்டதில்லை.

"கழட்டு" என்றேன்.

"கிழிச்சிடாத. புள்ள வாங்கிக் குடுத்தது."

கிழிக்கவில்லை. எங்கள் ஊரில் ஜூனில் மட்டும் ஒரு வழக்கம். கிழியாத சட்டையில் ஒட்டுப் போட்டுக்கொண்டு எல்லோரும் ஏழைக் குடியானவனாக வேஷம் கட்டி ஆடுவோம். எவ்வளவு ஒட்டோ அவ்வளவு அழகு. அதனால் யாரும் எதற்கென்று கேட்கப்போவதில்லை. சிவப்புப் பூப்போட்ட சீட்டியில் பெரிய சதுரமாக வெட்டி, அந்தப் பெயரின் மேல் வைத்துத் தைத்தேன். எழுத்துகள் ரப்பர். ஊசி ஒடிந்தது. இன்னொன்று போட்டேன், அதுவும் ஒடிந்தது. கடைசியில் கையாலேயே தைத்தேன். அழுதுகொண்டே தைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் என்ன வெட்கம்.

திருவிழாவுக்கு முந்தின நாள் ஞாயிறாக வந்தது. மாலையில் திருவிழா நெருப்புக் கொளுத்த எல்லார் வாசலிலும் விறகு அடுக்கியிருந்தார்கள். எங்கும் அவித்த சோளத்தின் வாசனை. அன்றைக்கு எங்கள் அணிக்கு முக்கியமான ஆட்டம். டிவியை ஊமையாக்கி வைத்துவிட்டு, ஒட்டுப்போட்ட சட்டையோடு எட்வான் உட்கார்ந்திருந்தான். ராயானி பாவாடையைக் கட்டிக்கொண்டு கொமாத்ரியோடு ஆடப் போயிருந்தாள். நான் ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணை அவன் மேலும் வைத்துக்கொண்டு மெஷின் அருகில் இருந்தேன்.

நெட் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வேகத்தில் வருவதால் எங்கள் தெருவில் கோல் ஒரே நேரத்தில் விழுவதில்லை. எங்கள் திரையில் பந்து இன்னும் நடுமைதானத்தில் இருந்தது. தெருக்கோடி வீட்டில் கத்தினார்கள். கத்தல் முடிந்ததும் அந்த வீட்டு டிவியில் சேவல் கூவியது. அதற்கடுத்த வீட்டில் கத்தல், பிறகு கூவல். அப்புறம் ரொட்டிக் கடையில். அது வீடு வீடாக எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

"ஜன்னல சாத்தட்டுமா?" என்றேன்.

"சாத்தினா மட்டும்?" என்றான். அவன் கை நெஞ்சுக்குப் போயிருந்தது. விரல் அந்தச் சீட்டித் துணியின் மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அடியில் புடைத்திருந்த எழுத்துகளை அது ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தது.

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. காலை மெஷின் மிதியில் வைத்து வேகமாக அழுத்தினேன். துணிகூட வைக்கவில்லை. வெறும் ஊசி கடகடவென்று இறங்கி ஏறியது. அந்தச் சத்தத்தில் தெரு கேட்கவில்லை, கூவல் கேட்கவில்லை. இன்னும் அழுத்தினேன்.

எங்கள் திரையில் கோல் விழுந்தது. எட்வான் அதைப் பார்க்கவில்லை. சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, என் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.