திருகுகளை டுவெய்ன் பார்த்தான்

ஐந்தாவது தோட்டாவும் விலகித்தான் போயிற்று. டுவெய்ன் துப்பாக்கியை மணல் மூட்டையின் மேல் கிடத்திவிட்டு, பாதி உருகிய பனியில் பூட்ஸ் புதைய நடந்து நூறு கஜம் போனான். வைக்கோல் கட்டில் குத்தியிருந்த காகிதத்தில் இரண்டு துளைகள் ஒட்டினாற்போல் இருந்தன. மற்ற மூன்றும் ஆளுக்கொரு மூலையில்.

அவனுக்கு ஆச்சரியமாக இல்லை. காகிதத்தைக் கிழித்து, நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

வீட்டுக்குள், ஜன்னல் ஓரக் கட்டிலில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அவனுடைய அப்பா ஆர்விட் காத்திருந்தார். நுரையீரலில் இருந்த புற்று முதுகெலும்புக்குப் போய்விட்டது. இன்றோ நாளையோ என்று காலையில் வந்த நர்ஸ் சமையலறையில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். காலையில் கண் விழித்ததும் அவர் கேட்டது தண்ணீர் அல்ல. "நீல டப்பால இருபது இருக்கு. நான் கடைசியா அடைச்சது. அஞ்சு சுட்டுட்டு காகிதத்தக் கொண்டு வாடா."

நாற்பது வருடமாகத் தன் தோட்டாக்களைத் தானே அடைத்துக்கொண்டவர். வெடிமருந்தைத் தராசில் ஒவ்வொரு துகளாய் நிறுத்துப் பித்தளைக் கூட்டில் ஊற்றுவார். ஐந்து சுட்டால் ஐந்தும் ஒரு நாணயத்துக்கு அடியில் மறையும். போன நவம்பர் வேட்டைக்குப் பிறகு அது கெட்டது. ஒரு நாள் ஒன்றாய் விழும், மறுநாள் சிதறும். மருந்தை மாற்றினார். தராசை மாற்றினார். பழைய கூடுகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கினார். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாது என்பார். மாற்றியதையெல்லாம் நோட்டில் பென்சிலால் எழுதினார். ஜனவரிப் பக்கத்தில் ஒரு வரி: 'தொலைநோக்கித் திருகுகளை டுவெய்ன் பார்த்தான். இறுக்கமாக உள்ளன.'

டுவெய்ன் பார்க்கவில்லை.

நவம்பரில் எல்க் மான் தேடிப் போனபோது, அந்தத் துப்பாக்கியோடு ஓடைக் கரையில் விழுந்தவன் அவன். குறி பார்க்க அதன்மேல் மாட்டியிருந்த தொலைநோக்கி பாறையில் மோதி, அதைப் பிடித்திருந்த திருகு ஒன்றின் மரை போயிற்று. துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான். விழுந்தேன் என்று சொன்னால் ஏன் விழுந்தாய் என்று அப்பா கேட்பார். மகன் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று அம்மா சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று கோட்டுக்குள் ஒரு பாட்டில் இருந்தது.

டிசம்பரில் ஒரு டாலர் கொடுத்துப் புதுத் திருகு வாங்கி வைத்தான். யாரும் பார்க்காமல் மாட்ட வேண்டும். ஆனால் ஆர்விட் தோட்டா அடைக்கும் கராஜை விட்டு நகரவே இல்லை. பிப்ரவரியில் ஒரு நாள் தராசைத் துணி போட்டு மூடிவிட்டு உள்ளே வந்தார். "மருந்துல தப்பில்ல. என் கையிலதான் தப்பு. மண்டையிலயும் இருக்கலாம்" என்று டிரக் சாவியை மனைவியிடம் கொடுத்தார். அடுத்த வாரம் புற்றுக்கான ஆஸ்பத்திரி ஊசியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன்பின் துப்பாக்கியை யாரும் தொடவில்லை, புதுத் திருகும் டுவெய்னிடமே கிடந்தது.

இப்போது டுவெய்ன் துப்பாக்கியோடு கராஜுக்குள் போனான். தொலைநோக்கியைப் பிடித்து அசைத்தான். மயிரிழை ஆடியது. மரை போன திருகைக் கழற்றிப் புதியதை மாட்டி இறுக்க நான்கு நிமிடம்தான் ஆயிற்று. மறுபடி போய் ஐந்து சுட்டான்.

ஐந்தும் ஒன்றாய் விழுந்தன.

அவன் உள்ளே வந்தபோது ஆர்விட் விழித்திருந்தார். இரண்டாவது காகிதத்தை மட்டும் அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். அவர் துளைகளை வெகுநேரம் பார்த்தார்.

"பத்து சத்தம் கேட்டுச்சே."

"மொதல் அஞ்சு சும்மா, குழாய் சூடாகட்டும்னு சுட்டேம்பா."

"எதையாவது மாத்தினியா?"

"ஒண்ணும் மாத்தல. நீங்க அடைச்சபடியேதான்."

அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் அப்படிச் சொன்னான். ஆர்விட் போர்வைக்கு மேல் கிடந்த தன் கையைப் பார்த்தார். அது இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஜனவரியில திருகப் பாத்தேல்ல?"

ஆக்ஸிஜன் இயந்திரம் இரண்டு முறை இரைந்து அடங்கியது.

"பாத்தேம்பா."

"அப்ப சரி." மூச்சு வாங்கினார். "தோட்டா நல்லாருக்கு, துப்பாக்கி நல்லாருக்கு. நான்தான் கெட்டுப்போயிருக்கேன். நெனச்சேன்."

"அப்பா, அப்படி இல்ல..."

"உன் கை ஆடாம நின்னுடுச்சுடா. குடிய விட்ட கை. காகிதமே சொல்லுது பாரு." கண்களை மூடிக்கொண்டார். "எனக்கு அது போதும்."

அம்மா லோரெட்டா மருந்துக் குழலோடு வந்து அவர் நாக்குக்கு அடியில் சொட்டு விட்டாள். "பேச்சுக் குடுக்காத. தூங்கட்டும்."

டுவெய்ன் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். விழித்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தான். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட முடிவு செய்தான். ஆரம்பிக்க வேண்டியது திருகிலிருந்து அல்ல, பாட்டிலிலிருந்து. மதியம் இரண்டரைக்கு மூச்சு இடைவெளி விட்டு வர ஆரம்பித்தது. மூன்று மணிக்கு ஒரு இடைவெளி முடியவே இல்லை.

நர்ஸ் வந்து நேரம் குறித்தாள். பிறகு சவ அடக்க நிலையத்து ஆட்கள் இருவர் வந்து, தொப்பியைக் கழற்றி, மெல்லிய குரலில் பேசி, அவரைக் கொண்டுபோனார்கள். லோரெட்டா அழவில்லை. கட்டிலில் இருந்ததையெல்லாம் உருவி எடுத்துத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டாள். உலர்ந்ததும் விரிப்பைச் சுருட்டிக் கொண்டுவந்து ஒரு முனையை டுவெய்னிடம் நீட்டினாள்.

"பிடி."

இருவரும் எதிரெதிரே நின்று விரித்தார்கள். துணி இன்னும் சூடாக இருந்தது.

"கடைசியா என்னடா சொன்னார்?"

"நான் நல்லா சுடுறதா சொன்னார்."

"பின்ன? மருந்து சரியாத்தான் அடைச்சிருக்கோம்னு தெரிஞ்சுகிட்டுப் போனாரே, அந்த மட்டும் நல்லது. நாலு மாசமா தன்னையே தின்னுகிட்டிருந்தார் மனுஷன்." அவள் முனைகளைச் சேர்த்தாள். "உன்னாலதான். நீ பக்கத்துல இருந்தே."

அவன் தன் பக்கத்து முனைகளைக் கொண்டுபோய் அவள் கையில் சேர்த்தான். ஓரங்கள் பொருந்தவில்லை, ஒரு விரல் அளவு வெளியே தொங்கியது.

"கோணலா வருது பாரு" என்றாள் லோரெட்டா. "மறுபடி விரி."

அவன் பின்னால் நகர்ந்து, விரிப்பை மறுபடி இழுத்துப் பிடித்தான்.