எதிர்க்காற்றில் ஆறு, பின்காற்றில் மூன்று

ஜாபேஸுக்கு வண்டியை விற்க மனமில்லை. விற்கச் சொன்னது அவர் மனைவி யூனிஸ். அந்த வீட்டில் யூனிஸ் சொன்னதுதான் நடக்கும்.

வெளிநாட்டு வேன், ஆறு சிலிண்டர். எட்டுப் பேர் உட்காரலாம். உட்காருவது இரண்டு பேர். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். நல்ல ரோட்டில் நிதானமாகப் போகும்போது வண்டி நடுங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆனி மாதத்து மத்தியானம், நாங்குநேரியில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கும் கார்த்திகேசனிடம் காட்டப் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினார்கள்.

ஜாபேஸ் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்க ஆளில்லாவிட்டாலும் பாடம் எடுப்பார்.

"நடுக்கம் சீக்கு இல்ல யூனிஸ். பாரம் கம்மியா இருந்தா எண்ணெய் அழுத்தத்துல ஒரு ஊசி நகரும். மூணு சிலிண்டர்ல வால்வு மூடுனபடியே கெடக்கும், பெட்ரோலும் போவாது. மீதி மூணுதான் இழுக்கும், அதான் நடுங்கும். அப்ப இங்கன பச்ச லைட்டு எரியும்."

"இப்ப எரியலியே."

"தெக்க இருந்து ஆரல்வாய்மொழிக் காத்து எதுத்து அடிக்குல்லா. ஆறும் முழிச்சாத்தான் வண்டி போவும். ஏசி போட்டாலும் பாரந்தான், முழிச்சிக்கிடும்."

"அப்ப போட வேண்டியதான?"

"பெட்ரோல் என்னத்துக்கு ஆவும்?" என்று ஜாபேஸ் கண்ணாடியை இன்னும் இறக்கினார். யூனிஸ் வாயில் புழுதி போனது.

கார்த்திகேசன் வண்டியைச் சுற்றிவந்தார், சீட்டைத் தட்டினார். முகத்தில் ஆசை தெரிந்தது. ஓட்டிப் பார்க்க ஏறினார்.

"வடக்க பாத்து விடுங்க அண்ணாச்சி, ரோடு அம்சமா இருக்கும். பைய போங்க" என்றார் ஜாபேஸ். பின்சீட்டில் யூனிஸ் சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

ஊரைத் தாண்டியதும் காற்று வண்டியை முதுகில் தள்ளியது. பச்சை விளக்கு எரிந்தது. ஸ்டியரிங் கார்த்திகேசன் கையில் உதறியது. ஓரங்கட்டிவிட்டார்.

"சார்வாள், தப்பா நெனைக்காதிய. எங்க வீட்டுக்காரிய இதுல ஏத்துனா மருந்துக்கடை வாசல்லதான் எறக்கணும்."

ஜாபேஸ் வருத்தப்பட்டார். கொஞ்சம் அதிகமாகவே வருத்தப்பட்டார்.

ஜாபேஸ் ஓட்டி மண்டிக்குத் தெற்கே திருப்பியதும் நடுக்கம் நின்றது; போனில் வாழைத்தார் விலை பேசிக்கொண்டிருந்த கார்த்திகேசன் அதைக் கவனிக்கவில்லை. அவரை மண்டியில் இறக்கிவிட்டு, யூனிஸ் முன்சீட்டுக்கு மாறியதும் வீட்டுக்குத் திரும்பினார்கள். வடக்கே போகிற வழி. பச்சை விளக்கு அணையவே இல்லை. மூன்றடைப்பு தாண்டித்தான் யூனிஸ் வாயைத் திறந்தாள்.

"தெக்க ஓட்டச் சொல்லிருந்தா அண்ணாச்சி வாங்கிருப்பாரு."

ஜாபேஸ் பின்னால் வரும் லாரியைக் கண்ணாடியில் கவனமாகப் பார்த்தார்.

"காத்து எதுத்தா ஆறும் முழிக்கும்னு நீங்கதான சொன்னிய. நான் கேக்கலன்னு நெனச்சியளோ?"

"அங்கனயே சொல்லிருக்கலாமே."

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அவரு ஓரங்கட்டுனதும் ஒங்க மூஞ்சியப் பாத்தேன். காப்பியடிச்சு பாஸான பய மாரி இருந்துச்சு. பாவமேன்னு விட்டுட்டேன்."

ஜாபேஸ் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"பின்னால இருந்து தள்ள ஆளிருந்தா பாதி தூங்கிப் போவுத வண்டி. இத நீங்க ஏன் விடமாட்டேங்கியன்னு இப்பதான் வெளங்குது."

சொல்லிவிட்டுக் கண்ணாடிகளை ஏற்றினாள். ஏசியை முழுசாகத் திருகினாள். பச்சை விளக்கு அணைந்தது. நடுக்கம் நின்றது.

"வண்டி இருக்கட்டும். ஆனா ஏசி ஓடணும். எப்பவும்."

பாளையங்கோட்டை வரைக்கும் ஜாபேஸ் பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லி யூனிஸ்தான் அதட்ட வேண்டியிருந்தது.