தொந்தரவு இல்லாத பாறை

2006 டிசம்பரிலிருந்து மூன்று மாதம், தினமும் காலையில் சிட்லபாக்கத்திலிருந்து கோவளத்துக்கு பைக்கில் போய், கடலோரப் பாறைகளில் உட்காரும் கடற்காகங்களை எண்ணினேன். முனைவர் பட்டம் சும்மா வருமா?

பக்கத்தில் மனிதர்கள் இருந்தால் பறவைகள் இயல்பாக இருக்காது, ஆள் போன பிறகுதான் எண்ண வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தேன். விதியை வகுத்த மேதை நானேதான். அதனால் பாறையடியில் மீன் கழுவும் கங்கம்மா அக்கா எட்டு மணிக்குக் கிளம்பும்வரை, பாறை கண்ணில் படாத ரோட்டோர டீக்கடையில் காத்திருப்பேன். பிறகு பூனை மாதிரி போய், மூச்சை அடக்கி எண்ணுவேன். தினமும் இரண்டே இரண்டு. 'இவ்வினம் இங்கே அழிந்துவருகிறது' என்று முப்பது பக்கம் எழுதி, கடைசி வரியில் நானே கண் கலங்கினேன்.

பிப்ரவரியில் ஒருநாள், மறந்துவிட்ட கத்தியை எடுக்க அக்கா கூடையில்லாமல் திரும்பி வந்தார்.

"இன்னா சார் பண்ணிகினு கீற?"

"பறவைங்கள எண்றேன்க்கா."

"இப்ப வந்தா? அதுங்கோ மீன் கொடலுக்கு வர்றதுங்க. நான் கெளம்புனா எரநூறும் என் கூடைக்குப் பின்னாடியே வந்துடுமே!"

நான் விடவில்லை. "இந்த ரெண்டும் வரலியேக்கா?"

அந்த இரண்டுக்கும் ஆய்வேட்டில் தனி அத்தியாயமே இருந்தது: 'மனித வாடையே ஆகாத பறவைகள்'.

அக்கா அவற்றை எட்டிப் பார்த்தார்.

"வவுறு முட்டத் துன்னுட்டு, பறக்க முடியாம குந்திகினு கீதுங்க சார்."