கால் வைக்கும் கட்டை

எங்கள் தீவில் ஓர் ஆம்பளைக்குக் காப்பி குடிக்க மூன்று நாற்காலி வேண்டும். உட்கார ஒன்று, கை போட ஒன்று, நாற்காலிக் கால்களை இணைக்கும் குறுக்குக்கட்டையில் கால் வைக்க ஒன்று. ஏன் என்று கேட்டால் முறைப்பார்கள். பாண்டெலிஸின் காப்பிக்கடை வாசலில் கிடந்த இருபத்து நான்கு மர நாற்காலிகளும் அந்தக் கால்களால்தான் கெட்டன. எங்கே பார்த்தாலும் கீறல், உப்புக்காற்றில் உரிந்த நீலச் சாயம்.

"மாதா திருநாளுக்குள்ள எல்லாத்தையும் கழிச்சிட்டு பிளாஸ்டிக் போட்டுடறேன்," என்றான் பாண்டெலிஸ்.

"போடேன். வெயில்ல உருகி உன் வாடிக்கைக்காரங்க பின்னாடி ஒட்டிக்கட்டும்," என்றாள் மரூலியா. படகுப் பட்டறையில் இருபது வருஷம் வார்னிஷ் அடித்தவள். வேலை அவளுடையது, பெயர் மேஸ்திரிக்கு. ஊர் நடுவில் ஒன்றாவது தன் கைவேலை என்று நிற்க வேண்டும், அதுதான் அவள் ஆசை. "எங்கிட்ட குடு. திருநாளன்னிக்கு ஒரு கீறல் விழுந்தாலும் நானே தூக்கிக் கடல்ல போடறேன்."

மூன்று வாரம் மாடாய் உழைத்தாள். பழைய சாயத்தைச் சுரண்டி, மர ரேகை ஓடும் வாக்கிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். ஆழமான கீறல்களில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தாள். பிறகு படகு வார்னிஷ், நான்கு பூச்சு. குறுக்குக்கட்டைகளுக்கு மட்டும் ஆறு.

திருநாள் பூசை முடிந்து கூட்டம் கடைக்கு வந்தது. நாற்காலிகளைப் பார்த்த ஆம்பளைகள் கால்களை மடக்கிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்தார்கள். மீன்படகுக் கேப்டன் ஸானிஸ் பழக்கதோஷத்தில் காலை நீட்டி, கட்டையின் பளபளப்பைப் பார்த்து இழுத்துக்கொண்டார்.

பாண்டெலிஸுக்கு வாயெல்லாம் பல். மரூலியாவுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன கேப்டன், இது என்ன மாதா சொரூபமா? வைங்க காலை!"

"வேணாம்மா, கீறிடும்."

"நான் பூசினது கீறாது. வைங்கன்னா!"

அவர் பூட்ஸ் நுனியைத் தொட்டும் தொடாமலும் வைத்தார்.

"அப்படியில்ல. எப்பவும் வைக்கிற மாதிரி."

குதிகாலால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தார் ஸானிஸ். மரூலியா நிமிர்ந்தே நின்றாள். குனிந்து பார்த்தது பாண்டெலிஸ்தான். விரலால் துடைத்தான். தூசிதான் வந்தது.

"பிளாஸ்டிக்காவது ஒண்ணாவது," என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தான். அதற்குள் கடை முழுக்கக் கால்கள் ஏறிவிட்டன.

கப்பலில் வந்த வெளியூர்க்காரர் ஒருவர் கட்டையைத் தடவிப் பார்த்தார். "எந்தப் பட்டறை வேலைங்க இது?"

மரூலியா வாயைத் திறப்பதற்குள் ஸானிஸ் முந்திக்கொண்டார்.

"பட்டறையா? எங்க மரூலியா செஞ்சது!"