அய்யனார் எந்த வார்டு?

1

இந்தக் கதை கல்லல் ரயில் நிலையத்தில் என் காதில் விழுந்தது. பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அய்யனாரே சொல்லிட்டாருங்கிறேன். இனிமே கலெக்டரு வந்தாலும் மாத்த முடியாது." என்ன சொன்னார், எதை மாற்ற முடியாது என்று தெரிவதற்குள் ரயில் வந்துவிட்டது. அவள் ஏறிப் போய்விட்டாள். மிச்சத்தை நான் இட்டுக்கட்டினேன். கீழே வரும் பிழைகள் என்னுடையவை, அய்யனாருடையவை அல்ல.

2

சூரியன் மறைந்துகொண்டிருந்த அந்த வேளையில்...

(அடித்துவிட்டேன். அது எப்போது மறைந்தால் என்ன?)

மதமும் அரசும் தனித்தனியாக இருக்கவேண்டும் என்று நான் நம்புகிறேன். [இதை எழுதுவதற்கு முன் பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சொல்லிவிடுவது நல்லது.]

சரி, நேராக வருகிறேன். நாகஜோதி ஊராட்சித் தலைவர். ஊருக்குப் புதிதாக ஒரு தண்ணீர்த் தொட்டி கட்ட அனுமதி வந்திருக்கிறது. கிழக்குத் தெருவில் கட்டித் தருகிறேன் என்று சொல்லித்தான் அவள் ஓட்டுக் கேட்டாள். அங்கே பெண்கள் இன்னும் கண்மாய்க்கரை அடிபம்புக்குக் குடத்தோடு நடக்கிறார்கள். மேற்கே கோயில் திடலில் கட்டினால் கிழக்குத் தெருக் குழாயில் காற்று மட்டும்தான் வரும். உறுப்பினர்கள் பாதிக்குப் பாதி பிரிந்து நின்றார்கள்.

"சமமா வந்தா ஒங்க ஓட்டுத்தான் முடிவு, பிரசிடெண்டம்மா. சட்டத்துலயே இருக்கு," என்றார் ஊராட்சிச் செயலர் ஜோசப் ராஜ்.

மேற்கு அணிக்குத் தலைமை பாண்டிமுருகன். நாகஜோதிக்குக் கொழுந்தன் முறை. "எதுக்கு மதினி பொல்லாப்பு? அய்யனாருகிட்ட பூக் கட்டிப் பாத்துருவோம்," என்றான்.

நாகஜோதி உடனே சரி என்றாள்.

இந்த 'உடனே'யில்தான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. பக்தி என்று முதலில் எழுதினேன். பக்தியும் உண்டுதான். ஆனால் அவள் ஓட்டுப் போட்டால் மேற்குத் தெரு அவளோடு பேசாது. கல்யாணப் பந்தியில் அவளுக்குப் பக்கத்து இலை காலியாகக் கிடக்கும். அய்யனார் போட்டால்? அவரிடம் யார் பேசாமல் இருக்கமுடியும்?

3

ஜோசப் ராஜின் கவலை வேறு.

"தீர்மானத்துல என்னன்னும்மா எழுத? அய்யனாரு சொன்னாருன்னு எழுதுனா, அவரு எந்த வார்டுன்னு ஆடிட்ல கேப்பாக."

"ஒங்க சாமியா இருந்தா எழுதியிருப்பீக."

"எங்க சாமிகிட்ட நான் ஆபீஸ் விசயமே பேசுறதில்லம்மா. அவரு பாவம்."

கடைசியில், 'உள்ளூர்ப் பெரியவர் ஒருவரின் ஆலோசனைப்படி' என்று எழுதலாம் என்று முடிவாயிற்று.

4

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வாழையிலையில் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். வெள்ளை வந்தால் கிழக்கு, சிவப்பு வந்தால் மேற்கு. ஒன்றைத்தான் பிரிக்கவேண்டும். மற்றதைப் பிரிக்காமல் கண்மாயில் விட்டுவிடுவது அந்த ஊர் வழக்கம்.

பொட்டலம் கட்டும் பொறுப்பைத் தலைவரிடமே விட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் நாகஜோதி நடுங்கும் கரங்களால்...

(இல்லை. நடுங்கவில்லை. வியர்த்தது.)

இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினாள். சிவப்பு அரளியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "கோவிச்சுக்கிறாதீக அய்யா. ஒங்களுக்கு வேலையச் சுலபமாக்குறேன்," என்று முணுமுணுத்தாள். பொட்டலங்களைச் சாமி முன்னால் வைத்துவிட்டு, கற்பூரம் ஏற்றும்வரை எல்லோரோடும் கண்ணை மூடி நின்றாள்.

ஒரு குழந்தைதான் எடுக்கவேண்டும். கதையில் ஆள் கூடிவிடுமே என்று குழந்தைகளை நான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். பூசாரி மலையாண்டியே ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

5

நீங்கள் சாட்சி. நான்காம் பகுதியில் இரண்டும் வெள்ளை. நாகஜோதி இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். அரளி அங்கேயேதான் இருந்தது.

பாண்டிமுருகன் மாற்றியிருப்பான் என்று ஒரு முடிவு வைத்திருந்தேன். ஆனால் அதைச் சொன்னால் நாகஜோதி தன் திருட்டையும் சொல்லவேண்டும். பூசாரி மாற்றியிருக்கலாம்; கோயில் வாசலுக்குக் குழாய் வருமே. இல்லாவிட்டால் அய்யனாரே... [பேனா மறுபடியும் கண்ணுக்குப் போய்விட்டது.]

"என்ன மதினி, மொகம் வெளுத்துப்போச்சு? அய்யனாரு சொன்னதுல சந்தேகமா?"

"அவரு மேல எனக்கென்ன சந்தேகம் கொழுந்தனாரே? அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்க, பாப்போம்."

"அதெல்லாம் வழக்கமில்ல," என்று பாண்டிமுருகன் கையை நீட்டினான். அதே நேரத்தில் பூசாரியும் நீட்டினார். இருவர் கைக்கும் நடுவே ஜோசப் ராஜ் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார்.

"பிரிச்சாலும் பிரிக்காட்டியும் தீர்மானத்துல ஒங்க கையெழுத்துத்தாம்மா வேணும்," என்றார். "பெரியவரு போடமாட்டாரு."

நாகஜோதி என்னைப் பார்த்தாள். நான் அய்யனாரைப் பார்த்தேன். அவர் எப்போதும்போல் எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே பொட்டலத்தை உங்களிடம் தருகிறேன். உள்ளே என்ன நிறம் இருந்தாலும் சரி, தீர்மானத்தில் கிழக்கா மேற்கா என்ற இடத்தை ஜோசப் ராஜ் காலியாகத்தான் விட்டிருக்கிறார். பேனா இதோ. கண்ணில் ஒற்றிக்கொள்வதானால் சீக்கிரம் ஒற்றிக்கொள்ளுங்கள். கிழக்குத் தெருப் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள்.