தறியை நிறுத்திய சாயங்காலம்

படத்தைப் பார்த்து எழுதச் சொன்னால் யுவஸ்ரீ ஒரே வார்த்தையில் கடையைக் கட்டிவிடுவாள். குழாயடியில் குடத்தோடு காத்திருக்கும் பெண்ணின் படத்துக்கு அவள் எழுதியது ‘தண்ணி’. ஆட்டுக்குத் தழை போடும் பெரியவரின் படத்துக்கு ‘ஆடு’. கையெழுத்து என்னவோ முத்து முத்தாகத்தான் இருக்கும். “ஆடு என்ன சாமி பண்ணுது?” என்று சரிதா டீச்சர் தூண்டிப் பார்த்தால், “தழை” என்பாள். அதோடு சரி.

இத்தனைக்கும் அவள் வாயில்லாப் பூச்சி இல்லை. பக்கத்தில் உட்காரும் அறிவுமதியோடு பேச ஆரம்பித்தால் அதை அடக்குவதற்குள் சரிதாவுக்குத் தொண்டை வறண்டுவிடும். பெரியவர்கள் கேட்டால்தான் ஒற்றை வார்த்தை. நோட்டில் எழுதுவதும் பெரியவர்களுக்குத்தானே?

எடப்பாடிப் பக்கத்து அந்தப் பள்ளியில் முழுப் பரீட்சை நெருங்கியபோது, யுவஸ்ரீயின் அப்பா மாதேஸ்வரன் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க டீச்சர், புள்ளைக்கு ஒரு வரி சேர்த்து எழுத வரமாட்டீங்குதே. மறுக்காவும் ரெண்டாப்புலயே போட்டுருங்க. நானும் இப்படித்தாங்க, மேல்கிளாசுக்குத் தள்ளித் தள்ளி உட்டு, ஒண்ணும் புரியாம ஆறாவதோட தறிக்கு வந்துட்டன்.”

சொன்னது தெருமுனை வரை கேட்டிருக்கும். தறிக்காரர்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள் என்பதால் சரிதா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் யுவஸ்ரீயும் அதைக் கேட்டுவிட்டாள். அன்று முழுவதும் அறிவுமதியின் கையை அவள் விடவே இல்லை. அறிவுமதி மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுவாள், தான் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு இங்கேயே கிடக்க வேண்டும் என்று அந்தப் பிஞ்சு மனசு கணக்குப் போட்டுவிட்டது. சரிதாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“கொஞ்சம் பொறுங்கண்ணா, நான் ஊட்டுக்கு வாரேன்” என்று மாதேஸ்வரனிடம் சொல்லியிருந்தவள், மறுநாள் சாயங்காலமே யுவஸ்ரீயோடு போய் நின்றாள்.

உள்ளே நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. “டீச்சர்!” என்று கத்திய அம்மா பிரபா, உட்காருங்கள் என்பதைக் கையால் சொன்னாள். பையை வீசிவிட்டு ஓடிய யுவஸ்ரீ அவள் சேலையை இழுத்து, “பால்!” என்றாள். பிரபா அலமாரியைக் காட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து மாதேஸ்வரன், “நூல்!” என்றார். பிரபா நூலோடு ஓடினாள்.

அட, இது நம் வீட்டுக் கதையல்லவா என்று சரிதாவுக்குத் தோன்றியது.

அவளும் தறி வீட்டுப் பிள்ளைதான். சின்ன வயதில் அவள் வீட்டிலும் பகலெல்லாம் ‘சோறு’, ‘கதவு’, ‘நூல்’ என்று ஒற்றை வார்த்தைகள்தான் பறக்கும். ராத்திரி கரண்டு போய்த் தறி நின்றால்தான் பேச்சு. ஊரே கரண்டுக்காரனைத் திட்டும்போது சரிதா மட்டும் கைதட்டுவாள். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, போன தடவை பாதியில் நின்ற கதையை விட்ட இடத்தில் பிடிப்பாள். அப்பா மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன சாமி நடந்துது?” என்பார். கரண்டு வருவதற்குள் முடித்தாக வேண்டுமே என்ற பதைப்பில், ஒரு விஷயத்தைத் தலையும் வாலும் சேர்த்துச் சொல்ல அவள் பழகியது அந்த இருட்டில்தான். பல்பு எரிந்ததும் அப்பா எழுந்து போய்விடுவார். அவளுக்கு அழுகை அழுகையாக வரும். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. இப்போதெல்லாம் கரண்டு அவ்வளவாகப் போவதில்லை. ஊருக்கெல்லாம் அதில் நிம்மதி. அந்த இருட்டுக்காக ஏங்குகிறவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

எழுந்து மாதேஸ்வரனிடம் போய், “தறிய நிறுத்துங்கண்ணா!” என்று கத்தினாள்.

அவர் பதறிப்போய் ஒவ்வொரு தறியாகக் குனிந்து இழை அறுந்திருக்கிறதா என்று தேடினார். ஓடுகிற தறியை யாராவது சும்மா நிறுத்துவார்களா? பிரபாதான் சைகை காட்டிப் புரியவைத்தாள். டீச்சர் முகத்துக்காக நிறுத்தினார்.

வீடு அமைதியானது. மாதேஸ்வரன் உள்ளங்கையைப் பார்த்தார். பிரபா முந்தானையைச் சரிசெய்தாள்.

“ஏதாச்சும் பேசுங்க” என்றாள் சரிதா.

“என்னத்தைங்க பேசறது?” என்று பிரபா வெட்கத்தோடு சிரித்தாள்.

தறி நின்றால் பேச்சு தானாகக் கொட்டும் என்று நினைத்த தன் புத்தியைச் சரிதா நொந்துகொண்டாள். அப்போது யுவஸ்ரீ மெல்ல அப்பாவிடம் போய், அறிவுமதியோடு பேசுகிற அதே சின்னக் குரலில் நீளமாக என்னவோ சொன்னாள்.

“ஆ?” என்றார் அவர்.

மறுபடி சொன்னாள்.

“என்ன சாமி?” என்று குனிந்து இந்தக் காதைக் கொடுத்தார். பிறகு அந்தக் காதைக் கொடுத்தார்.

பிரபாவின் சிரிப்பு மறைந்தது. “அவருக்குக் காது கொஞ்ச நாளா அப்படித்தானுங்க டீச்சர். கத்தி ஒரு வார்த்தை சொன்னாத்தான் ஏறும். புள்ளைக்கும் அதே பழகிருச்சு.”

அப்பாவுக்குப் போய்ச் சேருகிற அளவுக்குத்தான் பிள்ளை இத்தனை நாளும் பேச்சைக் குறுக்கியிருக்கிறாள். அவளிடம் கேட்டு அதைத் தானே கத்திச் சொல்லிவிடலாமா என்று சரிதா வாயெடுப்பதற்குள், துணியில் அடையாளம் போடுகிற சாக்பீஸை எடுத்துக்கொண்டு யுவஸ்ரீ சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நகர்ந்து நகர்ந்து எழுதினாள். சரிதா ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை.

மாதேஸ்வரன் குந்தி உட்கார்ந்து, விரலை வைத்து, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்.

“அப்பா, என்னைய மறுக்காவும் ரெண்டாப்புல போடாதீங்க, நான் அறிவுமதி கூடத்தான் மூணாப்புக்குப் போவேன்.”

முடிக்கும்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது. அவர் மெதுவாகப் பேசி சரிதா கேட்டது அதுதான் முதல் தடவை. மகளிடமிருந்து சாக்பீஸை வாங்கி, கீழே ‘சரி’ என்று எழுதினார்.

யுவஸ்ரீ அதைப் பார்த்தாள். உள்ளங்கையால் அழித்தாள். சாக்பீஸைத் திரும்ப அவர் கையில் திணித்து, தன் நீளமான வரியைக் காட்டி, அவர் காதில் கத்தினாள்.

“முழுசா!”

சரிதாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. மாதேஸ்வரன் கைலியை மடக்கிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வியர்க்க வியர்க்க எழுதினார்.

‘நீ மூணாப்புக்கே போ சாமி. அப்பாகிட்டச் சொல்றதெல்லாம் இனிமே இப்படியே எழுதிச் சொல்லு.’

யுவஸ்ரீ அதைப் படித்தாள். பிறகு, இடம் போதாதென்று தறியோரம் கிடந்த நூல் மூட்டையை இழுத்துத் தள்ளிவிட்டு, எழுத உட்கார்ந்தாள்.