பிடுங்காத பல்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பல்வலியின் நடுவே எனக்குக் கிடைத்தது. மைசூர் அக்ரஹாரத்தில், பல் டாக்டர் வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எதிரே பெண்களுக்கான நர்சிங் ஹோம். அதன் படிகளில் மெதுவாக இறங்கி வந்த ஒரு பெண், போனில் யாரிடமோ “ஹல்லு சார், ஹல்லு” என்றாள். கன்னடத்தில் ஹல்லு என்றால் பல். பல்லுக்கு அங்கே என்ன வேலை? என் வலி அந்த நிமிடமே மறந்துபோனது.

அவளை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. மீதியெல்லாம் கற்பனை.

2

பெயர் தாரணி. வயது முப்பத்தெட்டு. கர்நாடக எல்லையில் தமிழ் பேசும் ஊரான மார்டள்ளியிலிருந்து வந்தவள், ஊதுபத்தி கம்பெனியில் பேக்கிங் வேலை. அவளுக்கு நடந்தது…

(முதல் வரைவில் ‘வயிற்றில் சின்ன ஆபரேஷன்’ என்று எழுதினேன். இரண்டாவதில் ‘பெண்களுக்கு வரும் அந்த’. அந்த என்ன அந்த? எனக்கே வெட்கமாகிவிட்டது. அடித்துவிட்டேன்.)

கருப்பைக்குள் வளர்ந்திருந்த சின்னச் சதையை எடுத்தார்கள். கால் மணி நேர வேலை. பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு ரிசல்ட்டும் வந்தது. “வேலைக்குப் போ. ஆனால் பத்து நாளைக்குக் கனம் தூக்காதே, மறுபடி உதிரம் போகும்” என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் சூப்பர்வைசர் பசவராஜின் போன். என்ன ஆச்சு என்று அவர் கேட்ட நேரத்தில் எதிரே பல் டாக்டரின் பலகை தெரிந்தது. வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

3

நான்காம் நாள் வேலைக்குத் திரும்பினாள். பசவராஜ் நல்ல மனுஷன், அதுதான் சிக்கல். (வில்லனாகவும் எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

“ஏனம்மா, ஹல்லு ஹேகிதே?” என்று பல்லை நலம் விசாரித்தார். தாரணி அவசரமாக வலக் கன்னத்தைத் தொட்டாள். போனில் எந்தப் பக்கம் என்று சொன்னோம்? அவளுக்கும் ஞாபகமில்லை, எனக்கும் ஞாபகமில்லை.

“இந்த யூனிட்ல வருஷத்துக்கு நாலு பொம்பளைங்களுக்குப் பல்லு போகுது. தண்ணியிலதான் ஏதோ கோளாறு. டெஸ்ட்டுக்கு அனுப்பணும்.” (அவர் பேசியது கன்னடம், நான் தமிழில் தருகிறேன்.) கவலைப்பட்டபடியே மூலையிலிருந்த பெட்டிகளைக் காட்டி, ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொன்றும் பதினைந்து கிலோ. வெளியே வண்டி காத்திருக்கிறது. பல் எடுத்தவளுக்குக் கையும் காலும் நன்றாகத்தானே இருக்கும்?

தாரணிக்குப் பயமாக இருந்தது. ஜுரம் என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

4

முடிவு ஒன்று: தூக்குகிறாள். அடிவயிற்றில் சுரீரென்று… வேண்டாம். என் கதை முடிவதற்கு அவள் ஏன் உதிரம் சிந்த வேண்டும்?

முடிவு இரண்டு: பக்கத்து மேஜை நஞ்சம்மா வருகிறாள். அவளும் மார்டள்ளிப் பக்கத்துக்காரிதான்.

“ஏம்புள்ள, பல்லு புடுங்குனவ எதுக்கு வயித்தப் புடிச்சுட்டு நிக்கற?”

“இல்லீங்கக்கா… அது வந்து…”

“எனக்கும் போன வருஷம் பல்லுதான் புடுங்குனாங்க. அதுக்கு முன்னால நம்ம யூனிட்டு வைஷாலிக்கு.” நஞ்சம்மா சிரித்தாள். முப்பத்திரண்டும் பத்திரமாக இருந்தன.

தாரணிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அப்ப பொட்டிக்கு என்னக்கா பண்ணுனீங்க?”

“என்ன பண்ணுறது? தூக்குனேன். ஒரு வாரம் எந்திரிக்க முடியாமக் கெடந்தேன்.” சிரிப்பு நின்றிருந்தது. “நீ சொல்லிப்போடு புள்ள. நான் பக்கத்துலயே நிக்கறேன்.”

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் பெட்டி இன்னும் நகரவில்லையே!

5

பசவராஜ் திரும்பி வருகிறார். டெஸ்ட்டுக்கு அனுப்ப, கையில் ஒரு பாட்டில் தண்ணீர்.

“சார்” என்றாள் தாரணி. நாளெல்லாம் பேசும் கன்னடம்தான், இன்று நாக்கு ஒட்டிக்கொண்டது. “தண்ணியில ஒண்ணுமில்ல. எங்க யாருக்கும் பல்லு போகல. எனக்கு ஆபரேஷன் பண்ணுனது…”

அடுத்த சொல்லை நான் எழுதப்போவதில்லை. எழுதுவது சுலபம், மேலே ஒருதரம் எழுதியும்விட்டேன். ஆனால் வீட்டில் இந்தக் கதையைச் சத்தமாகப் படித்துக்காட்டியபோது, அந்த இடம் வந்ததும் இருமிச் சமாளித்தேன். ஆகவே நீங்கள் சொல்லுங்கள். எந்த மொழியானாலும் சரி, வாய்விட்டு. நீங்கள் சொல்லும்வரை அந்தப் பெட்டி அவள் காலடியில்தான் இருக்கும்.

என்ன, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறீர்களா?